புழுவோடு வாழக் கற்ற ஆடு

சிட்னியிலிருந்து வடக்கே காரில் ஆறு மணி நேரம் போனால் ஆர்மிடேல் என்று ஒரு ஊர் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் பெற்றோர் அந்தப் பக்கத்தில் மெரினோ ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு அழைத்திருந்தார்கள். மகளுக்கு ஆட்டுக்குட்டிகளைக் காட்டலாம் என்றுதான் போனோம்.

இரண்டாம் நாள் காலை நண்பரின் அப்பா பட்டியில் அடைத்த குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டியின் இமை உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை தொங்குவது போல வீக்கம். நேற்று வரை நன்றாக மேய்ந்ததாம். மகள் அதற்கு என்ன என்று கேட்டாள். வயிற்றில் புழு, இரத்தத்தைக் குடிக்கிறது என்றார். மருந்து கொடுக்கவில்லையா என்று கேட்டேன். கொட்டகைச் சுவரோரம் வரிசையாக இருந்த பிளாஸ்டிக் கேன்களைக் காட்டினார். இந்தக் கோடையில் மட்டும் மூன்று வகை மருந்து புகட்டியாகிவிட்டது. முதல் இரண்டையும் புழு பொருட்படுத்தவே இல்லை என்றார்.

அந்தக் குட்டி மறுநாள் இல்லை.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல. பொறியியலில் முதுகலை படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் படிக்கப் படிக்க, இது ஆட்டுக்காரர்களின் தனிப்பட்ட கவலை மட்டுமல்ல என்று பட்டது. ஓர் எதிரியைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஓர் ஆயுதத்தைக் கொண்டுவருவது ஒன்று. உள்ளிருக்கும் பலத்தை வளர்ப்பது இன்னொன்று. கடந்த அறுபது ஆண்டுகளாக உலகம் முதல் வழியில் போய், இப்போது முட்டுச் சந்தில் நிற்கிறது. இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அதில் நடக்க ஆள் குறைவு. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிவப்பு வெள்ளைக் கம்பம்

ஆடுகளின் குடற்புழுக்களில் மிகக் கொடியது ஹீமாங்கஸ் கன்டார்டஸ். மேலை நாடுகளில் முடிதிருத்தும் கடை வாசலில் சிவப்பும் வெள்ளையும் சுற்றிச் சுற்றி வரும் ஒரு கம்பம் இருக்கும். பெண் புழுவின் உடலில் இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளை நிறக் கருப்பையும் அப்படித்தான் முறுக்கிக்கொண்டு கிடக்கும். அதனால் ஆங்கிலத்தில் அந்தக் கம்பத்தின் பெயரையே புழுவுக்கும் வைத்துவிட்டார்கள். நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்.

இது வாழ்வது ஆட்டின் நான்காவது இரைப்பையில். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் இடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியேறும். வெப்பமும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்தில் இளம்புழுவாகிப் புல் நுனிக்கு ஏறிவிடும். ஆடு புல்லைக் கடிக்கும்போது உள்ளே போய், மூன்று வாரத்தில் முட்டையிடத் தயாராகிவிடும். கோடையில் மழை பெய்யும் ஆர்மிடேல் மேட்டு நிலம் இதற்குச் சொர்க்கம். நம்மூர் மழைக்காலமும் அப்படியே.

ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை ஆட்டுக்கு இழக்க வைக்கிறது. அற்பமாகத் தெரியும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மில்லி. 25 கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் இருப்பதே ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான இரத்தம்தான். ஒரே மாதத்தில் குட்டியின் மொத்த இரத்தத்துக்குச் சமமான அளவு போய்விடுகிறது. ஆயிரம் புழு என்பது பெரிய எண்ணிக்கையும் அல்ல. இமை ஏன் வெளுக்கிறது என்பது இந்தக் கணக்கில் புரிந்தது.

ஆஸ்திரேலிய இறைச்சி, கால்நடைத் துறைக்கான எம்.எல்.ஏ. அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆட்டுத் தொழிலுக்கு மிக அதிக இழப்பை உண்டாக்கும் நோய் குடற்புழுதான் என்றது. ஆண்டுக்கு 43 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டிருந்தது.

மருந்துகளின் கதை

1961இல் தயாபெண்டசோல் என்ற மருந்து வந்தது. அதற்கு முன் செப்புக் கரைசல், பீனோதயசின் என்று பலனும் ஆபத்தும் கலந்த சரக்குகளைப் புகட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு வரம். பலவகைப் புழுக்களைக் கொன்றது. ஆட்டுக்குத் தீங்கு செய்யவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1964இல், அந்த மருந்துக்கு அசையாத ஹீமாங்கஸ் புழுக்கள் அமெரிக்காவில் பதிவாகிவிட்டன.

அடுத்து லெவமிசோல் வந்தது. அதற்கும் எதிர்ப்பு வந்தது. 1981இல் ஐவர்மெக்டின் சந்தைக்கு வந்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. இதன் மூலத்தைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருடு நோயிலிருந்து கோடிக்கணக்கான மனிதர்களைக் காத்த மருந்தும் இதுவே. ஆனால் ஆடுகளில், 1980கள் முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் இதற்கும் அடங்காத புழுக்கள் வந்துவிட்டன.

பிறகு நீண்ட இடைவெளி. 2009இல் நியூசிலாந்தில் மோனபான்டெல் என்ற முற்றிலும் புதிய வகை மருந்து அறிமுகமானது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் வந்த புது வகை. நான்கே ஆண்டுகளில், 2013இல், அதே நியூசிலாந்திலிருந்து எதிர்ப்புப் பற்றிய முதல் அறிக்கை வெளியானது.

மென்பொருள்காரனுக்கு இது பழகிய கதை. ஒரே ஒரு பூட்டை நம்பிப் பாதுகாப்பு அமைத்தால், திறக்கத் தெரிந்த ஒருவன் வரும்வரைதான் அது பாதுகாப்பு. தயாபெண்டசோல் குடும்ப மருந்துகள் புழுவின் டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்தின் 200ஆவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து ஒட்டாது. ஒரு புழு நாளுக்கு ஐயாயிரம் முட்டை, ஒரு மந்தையில் லட்சக்கணக்கான புழுக்கள். இத்தனை கோடி முட்டைகளில் அந்த ஒரு மாற்றம் எங்கேனும் இருக்கத்தான் செய்யும். நாம் மருந்து புகட்டும்போது மற்ற புழுக்களையெல்லாம் அழித்து, அந்த ஒரு புழுவுக்கு மேடை அமைத்துக் கொடுக்கிறோம்.

உடம்பு செய்யும் வேலை

நண்பரின் அப்பா வெளுத்த இமையுள்ள குட்டிகளைப் பிரித்தெடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். அதே புல், அதே தண்ணீர், அதே வயது. நூறு குட்டிகளில் இருபது வெளுத்திருக்கின்றன. மற்றவை நன்றாகத் துள்ளுகின்றன. எந்த மந்தையிலும் இப்படித்தான் என்கிறார்கள். புழுக்களின் பெரும்பகுதி ஒரு சிறுபான்மை ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். மற்றவை என்ன செய்கின்றன?

வைரஸ் அல்லது பாக்டீரியாவை உடம்பு விழுங்கி அழித்துவிட முடியும். இரண்டு சென்டிமீட்டர் புழுவை எந்த அணுவும் விழுங்க முடியாது. எனவே உடம்பு வேறு தந்திரம் செய்கிறது. வசிக்க முடியாத இடமாக வயிற்றை மாற்றுகிறது. இளம்புழு வந்தவுடன் இரைப்பைச் சுவர் கூடுதலாகக் கோழையைச் சுரக்கிறது. மாஸ்ட் அணுக்கள் வெடித்து, வீக்கத்தை உண்டாக்கும் பொருள்களைக் கொட்டுகின்றன. ஈயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இளம்புழுவின் தோலைத் தாக்குகின்றன. ஐஜிஇ, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள்கள் ஊறுகின்றன. தூசியோ பூந்தாதோ பட்டால் நமக்குத் தும்மலும் மூக்கொழுகலும் வருகிறதே, ஏறக்குறைய அதே இயந்திரம்தான். ஒவ்வாமை என்று நாம் சலித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் பழைய வேலை புழுவோடு போராடுவது.

இதன் பலன் மூன்று படிகளில் தெரியும். சில புழுக்கள் குடியேறவே முடியாமல் வெளியேறுகின்றன. குடியேறியவை குட்டையாக நின்றுவிடுகின்றன. குட்டைப் புழு குறைவாகவே முட்டை இடுகிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்து ஆடுகளில் வேறொரு இரைப்பைப் புழுவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, ஐஜிஏ எதிர்ப்பொருள் அதிகமுள்ள ஆட்டில் புழுவின் நீளம் குறைவு என்று காட்டினார்கள்.

எதிர்ப்புள்ள ஆட்டின் வயிற்றிலும் புழு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அழிக்கவில்லை, அடக்கி வைத்திருக்கிறது. அது இடும் முட்டை குறைவதால் மேய்ச்சல் நிலத்திலும் புழு குறைகிறது. அதனால் பக்கத்தில் மேயும் பலவீனமான ஆடும் பிழைக்கிறது. தன் வயிற்றைக் காத்துக்கொள்ளும் ஆடு, தெரியாமலே மந்தையையும் காக்கிறது.

மூன்று மந்தைகள்

ஆர்மிடேலுக்குப் பக்கத்தில் சிஸ்விக் என்ற இடத்தில் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிலையம் இருக்கிறது. நாங்கள் போன சாலையிலேயே வாசல் பலகையைப் பார்த்தோம். அங்கே 1970களின் பிற்பகுதியில் ஒரு நீண்ட சோதனை தொடங்கினார்கள். மெரினோ ஆடுகளை மூன்று மந்தைகளாகப் பிரித்தார்கள். ஒன்றில் புழு எதிர்ப்பு அதிகமுள்ள கடாக்களை மட்டும் இனத்துக்கு விட்டார்கள். இன்னொன்றில் எதிர்ப்புக் குறைந்தவற்றை விட்டார்கள். மூன்றாவதில் எந்தத் தேர்வும் இல்லை.

எதிர்ப்பை எப்படி அளப்பது? புழுக்கையில் ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று எண்ணுவது. கட்டம் போட்ட ஒரு கண்ணாடித் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணும் இந்த முறை உலகெங்கும் மக்மாஸ்டர் முறை எனப்படுகிறது. 1939இல் இதை உருவாக்கியது சிட்னியில் இருந்த மக்மாஸ்டர் ஆய்வகம்தான்.

முட்டை எண்ணிக்கையில் ஆடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் பரம்பரையாக வருவது. ஆட்டு ரோமத்தின் குணங்களைப் போல உயர்ந்த அளவல்ல. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப் போதுமானது. சிஸ்விக் மந்தைகள் வருடத்துக்கு வருடம் விலகிக்கொண்டே போயின. இறுதியில் எதிர்ப்பு மந்தையின் முட்டை எண்ணிக்கை மற்றதைவிடப் பல மடங்கு குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் அடுத்த சோதனை. மருந்தை ஏமாற்றக் கற்ற புழு, எதிர்ப்புள்ள ஆட்டையும் ஏமாற்றக் கற்றுக்கொள்ளாதா? நியாயமான சந்தேகம். ஹீமாங்கஸ் புழுவைத் தலைமுறை தலைமுறையாக எதிர்ப்பு மந்தை ஆடுகளின் வழியாகவே வளர்த்துப் பார்த்தார்கள். 1992இல் முடிவை வெளியிட்டார்கள். புழு கற்றுக்கொள்ளவில்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதே. மருந்து ஒரு பூட்டு. உடம்பின் எதிர்ப்போ கோழை, வீக்கம், பலவகை அணுக்கள், எதிர்ப்பொருள்கள் என்று பல அடுக்குகள். பின்னாளில் மரபணு ஆய்வுகளும் இதையே சொல்லின. புழு எதிர்ப்பு என்று ஒரே ஒரு பெரிய மரபணு இல்லை. சின்னச் சின்னப் பங்களிப்புள்ள மிகப் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. ஒரு பூட்டை உடைக்க ஒரு சாவி போதும். நூறு சின்னப் பூட்டுகளை ஒரே நேரத்தில் திறக்கும் சாவிக்கொத்தோடு ஒரு புழு பிறப்பது எளிதல்ல.

இலவசமாக எதுவும் இல்லை

இதுவரை படித்தவர்களுக்கு, அப்படியானால் எல்லோரும் எதிர்ப்புள்ள ஆட்டை வளர்க்க வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவ்வளவு எளிதல்ல என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் ரைலிங்டன் மெரினோ மந்தை சாட்சி.

1980களின் இறுதியில் அங்கே தொடங்கிய மந்தை அது. குறைந்த முட்டை எண்ணிக்கைக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது. ஆனால் எதிர்பார்த்த இன்னொன்று நடக்கவில்லை. கழிச்சல் குறையவில்லை. அந்தப் பகுதியில் குளிர்கால மழையோடு வேறு வகைப் புழுக்கள் வரும். எதிர்ப்புள்ள சில ஆடுகள், புல்லோடு வரும் இளம்புழுவைக் கண்டவுடனே கடுமையாகச் சீறி எழுகின்றன. குடல் சுவர் வீங்குகிறது; கழிகிறது. புழு இல்லை, ஆனால் கழிச்சல் உண்டு. வாலடி ரோமத்தில் கழிச்சல் படிந்தால் ஈ முட்டையிட்டு, ஈப்புழு தோலைத் தின்னத் தொடங்கிவிடும். வீட்டுக்குள் திருடன் வராமல் இருக்க ஊரையே எழுப்பும் நாயை வளர்த்த கதை.

ஆகவே இப்போது இனவிருத்தி செய்பவர்கள் முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. வாலடி அழுக்கு, ரோமம், எடை எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு கடாவின் சந்ததி மதிப்பீட்டில் புழு முட்டைக்கும் ஓர் எண் உண்டு. நியூசிலாந்தில் எச்சிலில் உள்ள எதிர்ப்பொருளை அளக்கும் கார்லா என்ற பரிசோதனையும் இருக்கிறது. இளம்புழுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளுக்கு எதிராக ஊறும் எதிர்ப்பொருள் அது. ஆட்டின் வாயில் ஒரு பஞ்சைத் தடவினால் போதும்.

எதிர்ப்புக்கு உணவும் வேண்டும். கோழையும் எதிர்ப்பொருளும் புரதத்தால் ஆனவை. குட்டி போடும் நாள் நெருங்கும்போது தாயாட்டின் புரதம் குட்டிக்கும் பாலுக்கும் போய்விடுகிறது. அந்தச் சில வாரங்களுக்கு அதன் எதிர்ப்புத் தளர்கிறது. வயிற்றில் அடங்கிக் கிடந்த புழுக்கள் முட்டையை வாரி இறைக்கின்றன. எதிர்ப்பே கற்றிராத பச்சைக் குட்டிகள் மேய ஆரம்பிக்கும் அதே நேரத்தில் நிலம் முழுக்க இளம்புழு. அந்த நாட்களில் தாய்க்கு நல்ல புரதத் தீவனம் கொடுத்தால் முட்டை குறைகிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. மரபணு கொடுப்பது வாய்ப்பு மட்டும்தான். அதை நிறைவேற்றத் தீவனத் தொட்டியும் வேண்டும்.

சிவப்பு மாசாயும் சுந்தரவன ஆடும்

விஞ்ஞானிகள் தேர்ந்தெடுப்பதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வேலையைச் செய்து முடித்த ஆடுகளும் இருக்கின்றன. கென்யாவில் மாசாய் மக்கள் வளர்க்கும் சிவப்பு மாசாய் ஆடு அவற்றில் ஒன்று. சிறியது, ரோமமில்லை, சந்தையில் மதிப்புக் குறைவு. 1970களில் தென்னாப்பிரிக்காவின் பருத்த டார்ப்பர் கடாக்களை அரசாங்கம் பரப்பியது. எல்லோரும் கலப்பினம் செய்தார்கள். தூய சிவப்பு மாசாய் அரிதாகிவிட்டது. பிறகு 1990களில் கென்யக் கடலோரத்தில் இரண்டையும் அருகருகே வளர்த்து ஒப்பிட்டார்கள். ஈரமான அந்தக் கடலோரத்தில் டார்ப்பர் குட்டிகள் புழுவால் அதிகமாகச் செத்தன. சிவப்பு மாசாய் தாங்கியது. புழு குறைவான வறண்ட உள்நாட்டிலோ சிவப்பு மாசாய்க்கு அந்த மேன்மை இல்லை. எந்த ஆடு நல்ல ஆடு என்பது நிலத்தைக் கேட்டால்தான் தெரியும்.

இந்தியாவிலும் ஒன்று உண்டு. வங்காளத்துச் சுந்தரவனத்தின் சேற்று நிலத்தில் மேயும் கரோல் ஆடு. ஆளுயரத்துக்குப் பாதிகூட வராத குள்ளம். மகாராஷ்டிரத்தின் பல்டன் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம், ஆஸ்திரேலிய ஒத்துழைப்போடு, கரோலையும் தக்காணி ஆட்டையும் கலந்து சோதித்தது. ஹீமாங்கஸுக்குக் கரோல் நன்றாகவே ஈடுகொடுத்தது. இதில் ஒரு சுவாரசியம். 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிச் சிட்னிக்கு வந்தவை வங்காள ஆடுகள். ஆஸ்திரேலிய மெரினோவில் இரட்டைக் குட்டி, மூன்று குட்டி போட வைக்கும் புகழ்பெற்ற பூரூலா மரபணு, கரோல் ஆட்டிலும் அச்சு அசலாக இருப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். நம்மவர்கள் கணினிப் பெட்டியோடு இந்த ஊரில் இறங்குவதற்கு இருநூறு ஆண்டு முன்பே நம் நாட்டு ஆடு இறங்கியிருக்கிறது!

தடுப்பூசி ஏன் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை

2014இல் ஆஸ்திரேலியாவில் பார்பர்வாக்ஸ் என்ற தடுப்பூசி விற்பனைக்கு வந்தது. எடின்பரோ அருகிலுள்ள மோர்டன் ஆய்வு நிறுவனமும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையும் சேர்ந்து உருவாக்கியவை. குடற்புழுவுக்கென்று வந்த மிகச் சில தடுப்பூசிகளில் ஒன்று. இதன் யோசனை அழகானது. புழுவின் குடல் சுவரில் உள்ள புரதங்களை எடுத்து ஆட்டுக்கு ஊசி போடுகிறார்கள். ஆட்டின் இரத்தத்தில் அவற்றுக்கு எதிர்ப்பொருள் ஊறுகிறது. புழு அந்த இரத்தத்தைக் குடிக்கும்போது தன் குடலுக்கே விஷத்தைக் குடிக்கிறது.

குறை எங்கே என்றால், புழுவின் குடலை ஆட்டின் உடம்பு இயற்கையாகச் சந்திப்பதே இல்லை. அதனால் புழு வந்து போவதால் அந்த நினைவு புதுப்பிக்கப்படுவதில்லை. முதலில் மூன்று ஊசி, பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று. அந்தப் புரதங்களின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த நகல்கள் அசலைப் போல வேலை செய்யவில்லை. எனவே ஆடுகளில் புழுவை வளர்த்து, இரைப்பையிலிருந்து அறுவடை செய்து, புரதம் எடுத்தார்கள். ஆயிரம் ஆட்டை ஐந்து முறை பட்டிக்கு ஓட்டிவர ஆள் உள்ள பண்ணைக்கு இது உதவும். ஐம்பது ஆட்டோடு ஊர் ஊராகக் கிடை போடும் கீதாரிக்கு?

அப்படிப்பட்டவர்களுக்கு மலிவான ஒன்றைத் தென்னாப்பிரிக்கர்கள் 1990களில் தந்தார்கள். பமாச்சா அட்டை என்று பெயர். சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. ஆட்டின் கீழ் இமையை இழுத்து ஒப்பிட வேண்டியது. வெளுத்ததற்கு மட்டும் மருந்து. நண்பரின் அப்பா கட்டைவிரலால் செய்துகொண்டிருந்தது இதைத்தான். இதில் இரண்டு லாபம். மருந்து படாத ஆடுகளின் வயிற்றில் உள்ள சாதாரணப் புழுக்கள் உயிரோடு இருந்து, மருந்தை வென்ற புழுக்களோடு கலந்து அவற்றை நீர்த்துப்போக வைக்கின்றன. அடிக்கடி வெளுக்கும் ஆடு எது என்றும் தெரிந்துவிடுகிறது. அதைக் கழித்துவிட்டால் எதிர்ப்பு மந்தை தானே உருவாகும்.

யாருடைய லாபம்

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? நண்பரின் அப்பாவிடமே கேட்டேன். கடைக்காரர் கேனை விற்க வருகிறார். முட்டை எண்ணச் சொல்லி யாரும் வருவதில்லை என்றார். அரை நிமிடப் பதில். ஆனால் முழுப் பதில் அதுவே என்று நினைக்கிறேன்.

மருந்தை ஒரு நிறுவனம் காப்புரிமை பெற்று விற்கலாம். பலன் ஒரு வாரத்தில் தெரியும். எதிர்ப்புள்ள கடாவின் பலன் தெரியப் பத்து ஆண்டாகும். அந்தப் பலனும் பேரனின் மந்தைக்கு, பக்கத்து நிலத்துக்காரனுக்கு, கூட மேயும் ஆட்டுக்கு என்று சிதறிப் போகிறது. சிதறிப்போகும் லாபத்துக்குச் சந்தையில் விற்பனைப் பிரதிநிதி கிடையாது. அதை அரசாங்க ஆய்வு நிலையங்கள்தான் செய்ய வேண்டும். சிஸ்விக்கும் ரைலிங்டனும் பொதுப் பணத்தில் பல பத்தாண்டுகள் நடந்த சோதனைகள். மூன்றாண்டு நிதி ஒதுக்கீட்டில் முடிவு கேட்கும் நிர்வாகத்தில் அவை பிறந்திருக்கவே முடியாது.

இது ஆட்டோடு நின்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்துகிறார்கள். ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை. இரத்த சோகையும் சோர்வும் நிறைந்த பிள்ளைகளுக்கு நல்ல திட்டம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அல்பெண்டசோல், தயாபெண்டசோலின் நேர்த் தம்பி. முதலில் கால்நடைக்கென்று வந்து, பிறகு மனிதருக்கு வந்த மருந்து. தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் இந்தக் குடும்ப மருந்துக்கு அடங்காத ஹீமாங்கஸ் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் பந்தய நாய்களிலிருந்து பரவிய ஒரு கொக்கிப்புழு பல மருந்துகளுக்கும் அடங்காமல் நிற்கிறது.

பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்கும்போது பெரியவர்களின் வயிற்றில் உள்ள புழுக்கள் மருந்து படாமல் இருக்கின்றன. ஆட்டு மந்தையில் மருந்து புகட்டாத ஆடுகளைப் போல. ஊர் முழுவதற்கும் கொடுத்துப் புழுப் பரவலையே நிறுத்த முடியுமா என்று பார்க்க டிவோர்ம்3 என்ற சோதனை 2017இல் மூன்று நாடுகளில் தொடங்கியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி வழியாகத் திமிரியும் ஜவ்வாது மலையும் அதில் இருந்தன. பரவல் நின்றால் பெரிய வெற்றி. ஆனால் நிற்காமல், ஊர் முழுக்கத் தொடர்ந்து மருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தால், 1961க்குப் பிறகு ஆட்டுக்காரர்கள் நடந்த அதே பாதைதான் அது. மாத்திரையோடு மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்ற முட்டைக் கணக்கும் போக வேண்டும். கூடவே கழிப்பறையும் காலணியும் சத்துணவில் ஒரு முட்டையும். தாயாட்டுக்குப் புரதம் தந்த பலன் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

மனிதரில் இனவிருத்தித் தேர்வு கிடையாது, கூடவும் கூடாது. ஆனால் ஆட்டிடமிருந்து கற்க வேண்டியது அதுவல்ல. எதிரியை ஒரே அடியில் ஒழிக்கும் ஒற்றை ஆயுதம் நீண்ட நாள் நிற்பதில்லை. பல சின்னத் தடைகள் சேர்ந்த ஏற்பாடு மெதுவாக வேலை செய்கிறது, ஆனால் நிற்கிறது.

கிளம்பும் நாளன்று நண்பரின் அப்பா ஒரு பெட்டை ஆட்டைக் காட்டினார். எட்டு வயது. இதற்கு நான்கு வருடமாக மருந்தே புகட்டவில்லை என்றார். இமையை இழுத்துக் காட்டினார், நல்ல சிவப்பு. இதன் குட்டிகளை விற்பதில்லையாம். வயிற்றில் புழுவே இருக்காதா என்று மகள் கேட்டாள். நிச்சயம் இருக்கும், இரண்டும் ஒத்துப்போகக் கற்றுக்கொண்டுவிட்டன என்று சிரித்தார் அவர்.